ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்த சந்தனமும் ஒரு விலங்கு மருத்துவமனையும்

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் நாங்கள் வசிக்கிறோம். சென்ற நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன், ஏறக்குறைய 1 மணிக்கு, எங்கள் வீட்டுப் பூனை சந்தனம் துணி காயப்போடும் பின்கட்டுச் சன்னலிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அன்றிரவு அதைக் கொண்டு சேர்த்த 24 மணி நேர விலங்கு மருத்துவமனையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பாராட்டோடு சில குறைகளையும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து காரில் 20 நிமிடத் தொலைவில் இருக்கிறது என்பது மட்டும் இங்கே போதும்.

மலேசியாவில் ஆரஞ்சு நிறப் பூனை எதுவானாலும் அதற்கு 'ஓயேன்' என்றுதான் பெயர். அம்மா மட்டும் இதற்கு ஒப்பவில்லை. அரைத்த சந்தனத்தின் நிறம் என்று சொல்லி அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பெயரை மட்டுமல்ல, சோறு, மணல்தட்டு, தடுப்பூசித் தேதி என்று அதன் எல்லாப் பொறுப்பையும் எட்டு ஆண்டுகளாக அவர்தான் சுமக்கிறார். மழைக்காலத்தில் துணி உலரவில்லை என்று அன்று இரவு சன்னலைத் திறந்து வைத்தவரும் அவர்தான். இந்த மதிப்புரையில் அம்மா அடிக்கடி வருவார். காரணம் போகப்போகத் தெரியும்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் அதைக் கண்டபோது மூக்கிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது, பின்னங்கால் ஒன்று திரும்பிக் கிடந்தது, வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்றாவது மணியிலேயே எடுத்தார்கள். எடுத்த பெண் எங்கள் பெயரையோ முகவரியையோ கேட்கவில்லை. "பனடோல் ஏதாவது கொடுத்தீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அம்மா அப்போது பனடோல் மாத்திரையில் கால் பங்கை இடித்துத் தண்ணீரில் கரைத்து, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பனடோலில் இருக்கும் பாராசித்தமோல் மனிதர்களுக்குச் சாதாரணமானது, பூனைக்கு நஞ்சு. அதன் கல்லீரலால் அந்த மருந்தைச் சரிவரச் சிதைத்து வெளியேற்ற முடியாது என்பதால் அது இரத்தத்தையே கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத பழுப்பு நீராக்கிவிடுகிறது. ஒரே ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். இதை அந்தப் பெண் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, தூக்கும்போது உடலை வளைக்க வேண்டாம், தட்டையான ஏதாவது ஒன்றின் மீது துண்டை விரித்து அப்படியே நகர்த்துங்கள், தண்ணீர் கூடக் கொடுக்க வேண்டாம் என்றார். துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் மூடி எங்களுக்குப் படுக்கைப் பலகையாயிற்று. இந்த மருத்துவமனைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கே உரியது.

போய்ச் சேர்ந்ததும் முன்பணம் பற்றிப் பேசாமல் பூனையை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். படிவமும் பணமும் பிறகுதான் வந்தன. மூடியோடு அதைத் தூக்கிச் சென்ற மலாய்க்காரத் தாதி "கெசியான், கெசியான்" (பாவம், பாவம்) என்று முணுமுணுத்தது எங்களுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கோபமே மிஞ்சியது. கண்ணாடிக்கு அப்பால் சந்தனத்தை ஆக்சிஜன் பெட்டியில் படுக்கவைத்து, ஓர் ஊசி போட்டுவிட்டு, அப்படியே விட்டிருந்தார்கள். கால் உடைந்து கிடக்கிறது, எக்ஸ்ரே கூட எடுக்கவில்லையே என்று அப்பா முகப்பில் போய்ச் சத்தம் போட்டார்.

டாக்டர் வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றபடி பேசாமல் உட்கார்ந்து பேசினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். உயரத்திலிருந்து விழும் பூனை காற்றிலேயே உடலைத் திருப்பிக்கொண்டு நான்கு கால்களால் தரையைத் தொடுகிறது. ஆனால் வேகம் அத்தோடு நிற்பதில்லை, அடுத்த நொடியில் மார்பும் தாடையும் தரையில் மோதுகின்றன. அதனால்தான் இப்படி விழுந்த பூனைகளில் நுரையீரல் அடிபடுவது, மேலண்ணம் பிளப்பது, மூக்கில் இரத்தம் வருவது ஆகிய மூன்றும் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. சந்தனத்துக்கு மூன்றுமே இருந்தன. மார்புக் கூட்டுக்குள் நுரையீரலுக்கு வெளியே கசிந்த காற்று நுரையீரலை விரிய விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. உடைந்த கால் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் அது சில நாள் பொறுக்கும், மூச்சு பொறுக்காது. இப்போது எக்ஸ்ரே மேசையில் கிடத்தி இழுத்துப் பிடித்தால் அந்தப் பதற்றத்திலேயே உயிர் போகலாம் என்று அவர் சொன்னபோது அப்பா முகப்பிலிருந்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். விடிவதற்குள் ஊசி மூலம் மார்பிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். மூச்சு நிலைப்பட்ட பிறகு, காலை 8 மணிக்குத்தான் எக்ஸ்ரே.

பிழைக்குமா என்று நான் கேட்டேன். நியூயார்க்கில் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு இப்படி மாடியிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வை டாக்டர் குறிப்பிட்டார். சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. நான் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள், விழுந்த இடத்திலேயே இறந்த பூனைகளை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருப்பேன். ஆனால் அதைச் சொன்னதனால்தான் அடுத்த ஆறு நாளும் அவர் சொன்ன எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு ஏற்படவில்லை.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எந்த மாடியிலிருந்து, எவ்வளவு நேரத்துக்கு முன், சிமெண்டுத் தரையா புல்தரையா என்ற மூன்றையும் டாக்டர் கேட்டார். சன்னலைத் திறந்து வைத்தது யார் என்ற கேள்வியை மட்டும் அங்கிருந்த எவரும், ஒருமுறை கூட, கேட்கவில்லை. அம்மா அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தார். கேட்கப்படாத அந்தக் கேள்விக்குக் கடைசியில் அவரே, "நான்தான் டாக்டர், துணி காயலன்னு..." என்று தமிழில் பதில் சொல்லத் தொடங்கினார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கதவருகே நின்றிருந்த உதவியாளர், நம் தமிழ்ப் பிள்ளை, "ஆன்ட்டி, இந்த வாரம் மட்டும் ரெண்டு பூனை இப்படி வந்திருச்சு, நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார்.

இனிப் பணம். மதிப்பீட்டுத் தாளில் குறைந்த தொகை 5,000 ரிங்கிட், கூடிய தொகை 6,500 ரிங்கிட் என்று இரண்டு எண்கள் இருந்தன, முன்பணம் 2,500. இறுதி ரசீது 5,840 ரிங்கிட்டில் முடிந்தது: அவசர ஆலோசனை 180, எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் 620, ஆக்சிஜனும் தங்குகையும் 1,350, மயக்க மருந்து, உலோகத் தகடு உட்பட அறுவைச் சிகிச்சை 3,400, வீட்டுக்குக் கொடுத்த மருந்து 290. சொன்ன எல்லைக்குள் நின்றது. எங்கள் வருமானத்துக்கு இது பெரிய தொகைதான். ஆண்டு இறுதியில் ஈப்போ போகும் திட்டத்தையும் புதிய சலவை இயந்திரத்தையும் அது விழுங்கிவிட்டது. ஆனாலும் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் எங்களுக்கு எழவில்லை. தகடு பொருத்துவது ஒன்று, காலை அகற்றுவது மற்றொன்று, அதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய பாதி, மூன்று காலோடு பூனைகள் நன்றாகவே வாழ்கின்றன என்று டாக்டர் தாமாகவே எடுத்துச் சொன்னார். விருப்பமிருந்தால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். வலி கட்டுக்கடங்காமல் போனால் கருணைக்கொலையும் ஒரு வழி என்பதை அவர் மறைக்கவில்லை; அதை வற்புறுத்தவும் இல்லை. பூனையை ஒருநாளும் மடியில் ஏற்றிக்கொள்ளாத அப்பா, "காலை எடுத்துடலாம், உயிர் இருந்தா போதும்" என்றார். அம்மா தகடு என்றார். எங்கள் வீட்டில் இறுதி முடிவு யாருடையது என்பதை ரசீது சொல்லும்.

மூச்சு முற்றிலும் தேறும்வரை காத்திருந்து, நான்காம் நாள் திங்கட்கிழமைதான் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் வந்த சிக்கல் உணவு. சந்தனம் எதையும் தொட மறுத்தது. பூனை, அதிலும் எங்கள் பூனையைப் போலச் சற்றுப் பருத்த பூனை, சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, காயத்தால் சாகாததை அது கொன்றுவிடக்கூடும் என்று டாக்டர் எச்சரித்தார். மறுநாளும் உண்ணாவிட்டால் கழுத்து வழியாகக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றார். பார்வையாளர் நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம் மட்டுமே என்று பலகையில் எழுதியிருந்தாலும், வீட்டிலிருந்து அவித்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனைக் கொண்டுவர அம்மாவை அனுமதித்தார்கள். பிளந்த மேலண்ணத்தை உறுத்தக்கூடாது என்பதற்காக அம்மா ஒவ்வொரு முள்ளாக நீக்கி, மாவு போல மசித்து, விரல் நுனியில் வைத்து நீட்டினார். முதல் நாள் நக்கியது. இரண்டாம் நாள் விரலைக் கடித்தது. அம்மா அந்தக் கடியை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். அன்று அவர் உள்ளே இருந்தது 15 நிமிடம் அல்ல, முக்கால் மணி நேரம். யாரும் வந்து எழுப்பவில்லை.

இப்போது குறைகள். அறுவைச் சிகிச்சை நடந்த திங்கட்கிழமை மாலை வீட்டில் மூவரும் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அழைப்பு வந்தது. முகப்பிலிருந்து பேசியவர், உங்கள் கணக்கில் இவ்வளவு தொகை பாக்கி இருக்கிறது, எப்போது செலுத்துவீர்கள் என்று தொடங்கினார். இறந்துவிட்டது, அதனால்தான் கணக்கை முடிக்கிறார்கள் என்று நான் நினைத்துவிட்டேன். பூனை எப்படியிருக்கிறது என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஓ, அது விழித்துக்கொண்டது" என்றார். நள்ளிரவில் தொலைபேசி எடுக்கும் பெண்ணுக்குக் கொடுத்த பயிற்சியில் கால் பங்கை மாலையில் கணக்குப் பேசுபவருக்கும் கொடுத்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை புதன்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பும்போது நேர்ந்தது. உண்மையில் பூனையின் சிகிச்சை அன்றுதான் தொடங்குகிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. மருத்துவமனையில் ஆறு நாள். வீட்டில் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்கும் அவர்கள் எங்களிடம் கொடுத்தது ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சடித்த ஒரே ஒரு தாள். அதை விளக்குவதற்குச் செலவிட்டது ஐந்து நிமிடம். செந்தூல் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. மலாய் பேசுவார், படிக்கத் தடுமாறுவார். பூனையைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தாளை யாரிடம் விளக்குவது என்று தெரிந்திருக்கும். கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் விளக்கமும் எனக்கே கிடைத்தது. நானோ காலை 7 மணிக்கு வேலைக்குப் போனால் இரவில்தான் வீடு திரும்புகிறவன்.

விளைவு மறுநாளே தெரிந்தது. வலிநிவாரணித் திரவத்தின் புட்டியில் மில்லிலிட்டர் கணக்கில் அளவு எழுதி ஒட்டியிருந்தார்கள். அதோடு வந்த பீச்சுக்குழலிலோ பூனையின் எடைப்படி கிலோ கணக்கில் கோடுகள் இருந்தன. அந்த மருந்து அளவு மிஞ்சினால் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அம்மாவுக்கு ஏதோ பொருந்தவில்லை என்று பட்டதால் மருந்தைக் கொடுக்காமல் என்னை அழைத்தார். நான் மருத்துவமனையை அழைத்தேன். நள்ளிரவில் மூன்றாவது மணியில் எடுத்தவர்கள் பகல் 11 மணிக்கு 40 நிமிடம் என்னைக் காத்திருக்க வைத்தார்கள். வேறு குழல் கொடுத்திருக்க வேண்டும், தவறு எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு அன்றே மாற்றிக் கொடுத்தது சரி. ஆனால் அம்மாவின் இடத்தில் எண்ணை மட்டும் பார்த்து ஊற்றிக் கொடுக்கும் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் குறைக்கு ஓரளவு ஈடு செய்தது, விந்தையாக, சுவரில் ஒட்டியிருந்த ஒரு படம். பூனைகள் வலியை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். கத்தாது, முனகாது, மூலையில் குந்திக்கொள்ளும், அவ்வளவுதான். கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் பூனையின் முகத்தைக் கொண்டே வலியை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். காதுகள் எப்படி இருக்கின்றன, கண்கள் எவ்வளவு இடுங்கியிருக்கின்றன, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி எவ்வளவு இறுகியிருக்கிறது, மீசை எப்படி நிற்கிறது, தலை தோளுக்கு மேலா கீழா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். பத்துக்கு நான்கை எட்டினால் வலி மருந்து தேவை. இதற்கான படங்கள் பார்வையாளர் அறைச் சுவரில் இருந்தன. மீன் ஊட்டிய நாள்களில் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தமிழ் உதவியாளரிடம் விவரம் கேட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எழுத்தே தேவைப்படாத ஒரே மருத்துவக் குறிப்பு அதுதான்.

வீட்டில் மடக்குக் கூண்டு ஒன்றைக் கூடத்தில் வைத்தோம், 180 ரிங்கிட். ஆறு வாரம் குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது, நாற்காலி மீதுகூட ஏறக்கூடாது என்பது உத்தரவு. தகடும் திருகாணிகளும் எலும்பைச் சேர்த்துப் பிடிக்கின்றனவே தவிர, ஒட்டவைப்பது எலும்பேதான்; அதற்குள் குதித்தால் திருகாணி பிடுங்கிக்கொள்ளும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு வேறு. கூம்போடு தண்ணீர்க் கிண்ணத்தில் முகம் நுழையவில்லை என்பதை நாங்களே கண்டுபிடித்து, அகலமான பீங்கான் தட்டுக்கு மாற்றினோம். அந்தத் தாளில் இது இல்லை. காயத்தில் மணல் ஒட்டாமலிருக்கச் செய்தித்தாளைக் கிழித்துப் போட வேண்டும் என்பதும் இல்லை. இரவு முழுவதும் கூண்டைப் பிறாண்டிக்கொண்டே கத்தும் பூனையை என்ன செய்வது என்பது நிச்சயமாக இல்லை. முதல் இரண்டு வாரம் அம்மா கூண்டின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். ஒரு விரலைக் கம்பிக்குள் விட்டு வைத்திருந்தால் கத்தாது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். விடியற்காலையில் அந்தக் காவலை அப்பா ஏற்றுக்கொள்வார். நாளிதழை விரித்துக்கொண்டு கூண்டருகே உட்கார்ந்திருப்பாரே தவிர, பூனைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

வீடு வந்த ஒன்பதாம் நாள் இரவு அம்மா என்னை எழுப்பி, ஐந்து என்றார். காதுகள் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகிவிட்டன, கண்கள் பாதி மூடியிருந்தன, தலை தொங்கியிருந்தது. முந்தைய நாள் வரை ஒன்று, இரண்டு என்றுதான் அவர் கணக்கில் இருந்தது. படமெடுத்து அனுப்பினேன். நள்ளிரவுப் பணியிலிருந்த டாக்டர் பத்து நிமிடத்தில் அழைத்து, உடனே கொண்டுவரச் சொன்னார். தையலுக்கு அடியில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வெளியே சிவப்புக் கூடத் தெரியவில்லை. அன்றே பார்த்ததால் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு முடிந்தது. தகடு வரை இறங்கியிருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் அம்மாவிடம் கேட்டார். அம்மா கைப்பேசியிலிருந்த படத்தைக் காட்டினார். அன்றைய ஆலோசனைக்கு அவர்கள் பணம் வாங்கவில்லை.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்தது. பிளந்த மேலண்ணம் அதற்கு முன்பே தானாக மூடிக்கொண்டது. சந்தனம் இப்போது நடக்கும்போது பின்புறம் லேசாக ஒரு பக்கம் சாய்கிறது. அலமாரி உச்சிக்குத் தாவுவதில்லை, நாற்காலி வழியாகப் படிப்படியாக ஏறுகிறது. பின்கட்டுச் சன்னலுக்கு 420 ரிங்கிட்டில் நெருக்கமான வலை போட்டுவிட்டோம். குழந்தைகளுக்காகப் பொருத்தப்படும் கம்பிகள் இருக்கின்றனவே என்று நினைப்பவர்கள் அந்த இடைவெளியில் தங்கள் பூனையின் தலை நுழைகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தலை நுழைந்தால் பெரும்பாலும் உடலும் நுழைந்துவிடும்.

அவசர சிகிச்சைக்கு இந்த மருத்துவமனைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வீட்டுப் பராமரிப்புக்கு ஆயத்தப்படுத்தியதற்கு இரண்டு. நள்ளிரவில் மீண்டும் ஒன்று நேர்ந்தால் வேறெங்கும் போக மாட்டேன். ஆனால் பூனையை வீட்டுக்கு அழைத்துவரும் நாளில், யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவரையே உடன் அழைத்துச் செல்வேன். மருந்தின் முதல் அளவை அங்கேயே, அவர்கள் முன்னிலையில், அவர் கையாலேயே எடுத்துக் காட்டச் சொல்வேன்.

அந்த ஆங்கிலத் தாளை நான் தமிழில் எழுதி, கூம்பு, தட்டு, செய்தித்தாள், பீச்சுக்குழல் ஆகியவற்றையும் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். கடைசி எக்ஸ்ரேக்குப் போனபோது அதன் நகல் ஒன்றை முகப்பில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த பெண்ணுக்குப் படிக்கத் தெரியவில்லை; உள்ளே கொண்டுபோய் அந்தத் தமிழ் உதவியாளரிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, பீச்சுக்குழல் பற்றிய வரியில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, இன்னும் பத்து நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.